குதுரெ சாக்கு

கழிவறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பக்தவச்சலம் எட்டிப் பார்த்தார். குதிரை இன்னும் அங்கேயேதான் நின்றது.

சும்மா நின்றாலும் பரவாயில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாலை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு, இன்றைக்கு வேறு சோலியே இல்லை என்கிற தோரணையில் நின்றது. வால் பட்டுக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பக்தவச்சலம் மறுபடி உட்கார்ந்தார். வந்த காரியம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது.

வாஸ்துப்படி கழிவறை வீட்டுக்குள் இருக்கவே கூடாது, தோட்டத்து மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வீடு கட்டும்போது ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். கொத்தனார் எடுத்துச் சொன்னார், மனைவி கோவிந்தம்மா மன்றாடினாள். கேட்டாரா மனுஷன்? இப்போது வீட்டுக்கும் கழிவறைக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பிராணி. ஊரான் குதிரையாக இருந்தாலாவது போலீசைக் கூப்பிடலாம். இது சொந்தக் குதிரை. நேற்று மாலைதான் ஆரத்தி எடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்து வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். குங்குமம் வைத்தது கோவிந்தம்மா. பக்தவச்சலம் தெருமுனையில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

“ஃப்ளோரா,” என்று கதவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார். அதை விற்ற பர்னபாஸ் வைத்த பெயர் அது. “ஃப்ளோரா, கண்ணு, கொஞ்சம் தள்ளிப் போம்மா.”

வால் ஒரு தரம் ஆடியது.

“யாராச்சும் பாத்தா என் மானமே போயிடும் ஃப்ளோரா. கோவிந்து மார்க்கெட்டுக்குப் போய்க்கீறா. அவ வர்றதுக்குள்ள நீ போயிடு, ஃப்ளோரா!”

மதில்சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அப்புறம் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு நேசமணி. நேசமணியின் மனைவி பெயரும் ஃப்ளோரா என்பது பக்தவச்சலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“பக்தா! உள்ள யாருய்யா கீறாங்க?”

“யாரும் இல்ல நேசா! நான் மட்டும்தான்!”

“ஃப்ளோரான்னு கூப்ட்டியே?”

“குதிரைப்பா! குதிரை பேரு! சத்தியமா!”

நேசமணி குதிரையைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. “குதிரை வெளிய கீது. நீ உள்ள கீற. இன்னாத்துக்குக் கெஞ்சிக்கினு கீற?”

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சின்ன வார்த்தைதான். ஆனால் தலை நரைத்து, பேரன் எடுக்கிற வயதில், ஃபாக்டரியில் அத்தனை பெரிய புல்டோசர்களை மேய்த்துவிட்டு வந்தவன், அதுவும் கழிவறைக்குள்ளிருந்து, அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? கூச்சம் பிடுங்கித் தின்றது.

“பழக்குறேன்,” என்றார்.

“கக்கூஸ்ல குந்திக்கினா?”

“தூரத்துல இருந்து பழக்குறதுதான் நேசா இப்ப மெத்தடு.”

நேசமணி தலையை ஆட்டிக்கொண்டு சுவரிலிருந்து இறங்கிப் போனார். நல்லவேளையாகக் கோவிந்தம்மா கறிகாய்ப் பையோடு வந்து சேர்ந்தாள். “ஏய், தள்ளு” என்று குதிரையின் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். குதிரை மரியாதையாக நகர்ந்து வழிவிட்டது.

“இன்னாங்க, இவ்ளோ நேரமா உள்ளயே கீறீங்க? வயித்துக்கு முடியலையா?”

“ம்,” என்றார் பக்தவச்சலம்.

அந்த ஒரு “ம்”முக்கு அன்றைக்கு முழுவதும் இஞ்சிக் கஷாயம், ரசம் சாதம். ராத்திரிக்கு வெறும் கஞ்சி. குதிரைக்கு மட்டும் கொள்ளு, கேரட்டு.

குதிரைக்குப் பயப்படுகிறவன் எதற்கு ஐயா குதிரை வாங்கினான் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான்.

பயம் சின்ன வயசுப் பயம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வாசலில் ஒரு ஜட்கா குதிரை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பக்தவச்சலத்தின் அரைக்கால் சட்டையைப் பின்பக்கமாகக் கடித்து, கடித்ததைத் திருப்பித் தராமல் வண்டியோடு போய்விட்டது. மார்க்கெட்டே சிரித்தது. சிலேட்டால் பின்னால் மறைத்துக்கொண்டு வீடுவரை நடந்தார். அன்று தொட்டுக் குதிரையைக் கண்டால் அவர் கை தானாகப் பின்பக்கம் போகும். கட்டிய மனைவியிடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

குதிரை வாங்கியது மகள் பல்லவிக்காக. அவளுக்குப் பெங்களூரில் வேலை. அதே ஆபீஸில் இருக்கும் ரோஹித்தை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. பையன் வீடு கோலாரில், நல்ல குடும்பம். ஆனால் கோவிந்தம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் வந்த இரண்டு இடமும் பக்தவச்சலத்தின் வாயால்தான் கெட்டன. ஒரு பையனின் மாமாவோடு அரசியல் பேசினார். இன்னொரு பையனின் அப்பாவிடம், உங்கள் வீட்டு வாசலே தப்பான திசையில் இருக்கிறது என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னார்.

“இந்த எடமும் உங்க வாயால போச்சுன்னா, பொண்ணு நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டா,” என்று கோவிந்தம்மா எச்சரித்திருந்தாள்.

கோலார்க்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா தமிழர், அதிகம் பேசாதவர். அம்மா மம்தா கன்னடக்காரர், தமிழ் புரியும், கொஞ்சம் பேசவும் வரும், ஆனால் வாயில் முதலில் வருவது கன்னடம். பக்தவச்சலம் குளிர்ந்துபோனார். அவருக்குக் கன்னடம் தெரியும். தெரியும் என்பதைவிட, தெரியும் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. ஃபாக்டரியில் கன்னட ஆபீசர்களிடம் பேச வேண்டும் என்றால் இவரைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

“நிமகே ஏனு பேக்கு, கேளி!” உங்களுக்கு என்ன வேண்டும், கேளுங்கள் என்று கன்னடத்திலேயே ஆரம்பித்தார்.

மம்தா மெல்லிய குரலில் ஏதோ சொல்லத் தொடங்கவும், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஊரிகம் ஸ்டேஷனுக்குள் ரயில் ஊதிக்கொண்டு நுழையவும் சரியாக இருந்தது. கடைசியில்தான் காதில் விழுந்தது.

“…குது…ரெ சாக்கு. பேரேனூ பேடா.”

கோவிந்தம்மா கணவனின் பக்கம் சாய்ந்தாள். “இன்னா சொல்றாங்க? குதிரைக்குச் சாக்கு கேக்குறாங்களா?”

“ஐயோ, சாக்குன்னா போதும்னு அர்த்தம்டி. குதிரை ஒண்ணு இருந்தா போதுமாம். வேற எதுவும் வேணாமாம்.”

“குதிரையா? நல்லாக் கேட்டீங்களா?”

“கன்னடத்துல எனக்கே பாடமா? மாப்பிள்ளை அழைப்புக்கு இருக்கும்டி. எவ்ளோ பெரிய மனசு பாரு, நகை நட்டுன்னு வாயத் தொறக்கல.” சொல்லிவிட்டு மம்தாவின் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தினார். “குதுரெ தானே? பந்தாய்த்து அந்த தில்கொள்ளி!” குதிரை தானே, வந்தாச்சுன்னு வைத்துக்கொள்ளுங்கள்!

மம்தா ஒரு கணம் விழித்தார். கணவரைப் பார்த்தார். கணவர் பல்லவியின் படத்தைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் சிரித்து, தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

“பர்னபாஸ் கிட்ட அன்னிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தா போச்சு,” என்றாள் கோவிந்தம்மா.

“அவங்க ஆசைப்பட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் வாடகைக்கா? நம்ம வீட்டுக் குதிரையில மாப்பிள்ளை வந்து எறங்கணும்டி!”

ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணக் குதிரை வைத்திருந்த பர்னபாஸ், இப்போதெல்லாம் மாப்பிள்ளைகள் திறந்த காரில்தான் வருகிறார்கள் என்று அலுத்துப்போய் இருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார். கொண்டுவந்து விட்ட அன்று, தோட்டத்திலிருந்து கத்திக் கத்திப் பாடம் சொன்னார். தெருமுனையில் நின்ற பக்தவச்சலத்துக்குப் பாதிதான் கேட்டது.

“சார், ஃப்ளோராவுக்கு மல்லிப்பூ மட்டும்…”

“போட்டுர்றேன்!” என்று பக்தவச்சலம் பதிலுக்குக் கத்தினார்.

பர்னபாஸ் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

கழிவறைச் சம்பவத்துக்கு அப்புறம் பக்தவச்சலம் உஷாரானார். துறட்டிக்கோலின் நுனியில் வாளியைக் கட்டி, சமையலறை ஜன்னல் வழியாகக் கொள்ளு நீட்டினார். “கிட்ட போனா அதுக்குச் செல்லம் ஏறிடும்,” என்று கோவிந்தம்மாவிடம் விளக்கம் சொன்னார். பழைய ஃபாக்டரி ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் இல்லாமல் கழிவறைக்குப் போவதில்லை. அப்படிப் போவதை நேசமணி சுவருக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, “இன்னா பக்தா, நைட் ஷிஃப்ட்டா?” என்று கேட்டபோது, பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. ஊர் முழுக்கத் தங்கச் சுரங்கம் தோண்டிய கோல்டு ஃபீல்டில் பூமிக்கடியில் போக இடத்துக்கா பஞ்சம்? ஆனால் ஒன்றும் பிளக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மம்தாவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு தயக்கம்.

“சம்பந்தி… குதுரெ… நிஜவாக்லூ பர்த்தாயிதா?” குதிரை நிஜமாகவே வருகிறதா?

சந்தேகப்படுகிறார்கள்! பக்தவச்சலத்துக்குச் சுருக்கென்றது. கோவிந்தம்மா வேறு பக்கத்தில் நின்று, அடக்கி வாசியுங்கள் என்று கையைக் காட்டினாள். அவருக்கா அடங்கும்?

“பர்த்தாயிதேயா? நானே கடிவாளத்தைக் கையில புடிச்சு இட்டாறேன் சம்பந்தியம்மா! நானே!”

அந்தப் பக்கம் மம்தா கணவரிடம் ஏதோ குசுகுசுத்தார். அப்புறம், “சரி சம்பந்தி, உங்க இஷ்டம்,” என்று பெருமூச்சோடு போன் வைக்கப்பட்டது.

பக்தவச்சலம் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோஜனம்? சனிக்கிழமை பல்லவி பெங்களூரிலிருந்து வந்ததும் முதல் வார்த்தையே அதுதான்.

“நைனா, நீயே குதிரையைப் புடிச்சுக்கினு வரப் போறியாமே! ரோஹித் வீட்ல எல்லாரும் அதே பேச்சு. செம கெத்து நைனா நீ!”

மகள் கண்ணில் இருந்த பெருமையைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணையே ஏமாற்றுகிறோமே என்று உள்ளுக்குள் அரித்தது. கல்யாணத்தன்று குதிரையைப் பிடிக்கக் கை நடுங்கினால் கோலார்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்றே ஒன்று கேட்டோம், அதற்கும் வக்கில்லையா என்றல்லவா நினைப்பார்கள்? அந்த ஒரு நடுக்கத்தில் பெண்ணின் வாழ்க்கை சரிந்துவிட்டால்?

அன்று மாலையே போனில் தேடினார். ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் சொன்னார்: குதிரைக்கு மோப்ப சக்தி அதிகம், நாம் பயந்தால் அந்த வாசனை அதற்குத் தெரிந்துவிடும்.

அப்படியா சேதி! வாசனைதானே? பல்லவியின் பையில் இருந்த செண்ட்டு பாட்டிலை எடுத்துக் கழுத்து, அக்குள், முழங்கை, வழுக்கை என்று பாக்கியில்லாமல் அடித்துக்கொண்டார். மல்லிகை செண்ட்டு. வீடே மணத்தது. இத்தனை வாசனையில் பயம் எங்கே தெரியப் போகிறது என்று தெம்பாகத் தோட்டத்தில் கால் வைத்தார்.

ஃப்ளோரா தலையைத் தூக்கியது. மூக்கு விரிந்தது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டியதும் கட்டியிருந்த கொய்யா மரக்கிளை கயிற்றோடு முறிந்து வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி ஒரு தட்டு. மற்றதைத் தூக்கி ஒரு தட்டு. அப்புறம் கழுத்தை வளைத்து, சலங்கை இல்லாத குறை ஒன்றுதான், ஆட ஆரம்பித்தது. ஆடிக்கொண்டே அவரை நோக்கி வந்தது.

பக்தவச்சலம் ஓடினார்.

கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஸ்டேஷன் ரோட்டில் ஓடினார். பின்னால் ஃப்ளோரா, கிளையை இழுத்துக்கொண்டு, தாளம் தப்பாமல் ஆடியபடி வந்தது. அவர் ஓட்டம் கூடினால் அதன் ஆட்டமும் கூடியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

“இன்னா பக்தா, பழக்குறியா?” என்று நேசமணி சைக்கிளிலிருந்து கேட்டார்.

“ஆமா!” என்று ஓடியபடியே கத்தினார் பக்தவச்சலம். “டான்ஸு!”

பல்லவி பின்னாலேயே ஓடிவந்து போனில் படம் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே ரோஹித்துக்கு அனுப்பினாள். ‘மாமா வேற லெவல்’ என்று பதில் வந்தது.

மாமா அப்போது சயனைடு மேட்டின் அடிவாரத்தில் இருந்தார். சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், மலைமாதிரி நிற்கிற இடம் அது. ஏறினால் கால் சரிந்தது. திரும்பினால் ஃப்ளோரா. மண்ணில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு கையும் பழக்கப்படி பின்பக்கம் போயின.

அப்போதுதான் ஃபாக்டரிச் சங்கு ஊதியது.

கடிபடவில்லை. உதைபடவில்லை. மூச்சு மட்டும் நெஞ்சில் சூடாகப் பட்டது. கண்ணைத் திறந்தார். ஃப்ளோரா தன் பெரிய தலையை அவர் சட்டைக்குள் புதைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் பின்னால் ஒட்டியிருந்தன. உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. பேண்டு சத்தத்துக்கும் வேட்டுச் சத்தத்துக்கும் பழகிய கல்யாணக் குதிரை, சங்கை இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை.

பக்தவச்சலம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

“அட பைத்தியமே,” என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “சங்குடி. வெறும் சங்கு. லேட்டாப் போறவன்தான் அதுக்குப் பயப்படணும். உனக்கு இன்னா?”

நடுக்கம் நிற்கவில்லை. அவர் கை தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. அதன் கழுத்தைத் தொட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. மெல்லத் தடவினார்.

“எனக்கும் பயம்தான்டி ஃப்ளோரா. உன்னைக் கண்டுதான் பயம். வெளிய சொல்லிடாத. வெக்கக்கேடு.”

ஃப்ளோரா அவர் வழுக்கையை ஒருமுறை நக்கியது. செண்ட்டு பிடித்துவிட்டது போலும். சட்டைப் பின்பக்கம் பத்திரமாக இருந்தது. அவர் கிளையை அவிழ்த்து எறிந்துவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்து, தெரு வழியாக நடந்தே வீடு வந்தார்.

கோவிந்தம்மா கேட்டில் நின்றாள். கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். “பயம் தெளிஞ்சுதா?” என்றாள்.

பக்தவச்சலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கெப்படித் தெரியும்?”

“அப்பவே தெரியும். கக்கூஸ்ல வயித்துவலின்னு ஏத்துக்கினு ஒக்காந்தீங்களே, அன்னிக்கே.”

“அப்ப கஷாயம்?”

“நெசத்த சொல்லுவீங்கன்னு குடுத்தேன். நீங்க மூணு வேளையும் குடிச்சீங்களே தவிர வாயத் தொறக்கல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மார்க்கெட் வாசல், அரைக்கால் சட்டை, சிலேட்டு எல்லாவற்றையும் அன்றுதான் அவளிடம் சொன்னார். கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். சிரிப்பதற்கென்ன, சிரிக்கட்டும் என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் துறட்டிக்கோல் பரண்மேல் ஏறியது. தினம் விடிந்தால் ஃப்ளோராவைக் குளிப்பாட்டுவது, கொள்ளு வேகவைப்பது, சங்கு ஊதும் நேரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வது என்று அவர் நாள் கழிந்தது. நேசமணியின் மனைவியை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி, ‘சிஸ்டர்’ என்று ஆக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை அழைப்பு நாள் வந்தது. சரிகைத் துணி, சலங்கை, நெற்றிக்குஞ்சம் எல்லாம் கட்டி பர்னபாஸ் குதிரையை ஜோடித்துக் கொடுத்தார். பட்டு வேட்டி சரசரக்க, பக்தவச்சலம் கடிவாளத்தைப் பிடித்தார். கை துளி நடுங்கவில்லை.

நடுங்கியது வேறு ஆள். ரோஹித் ஷெர்வாணியும் தலைப்பாகையுமாகக் கோயில் வாசலில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் கை இரண்டும் பின்பக்கம் போயிருந்ததைப் பக்தவச்சலம் பார்த்தார். அந்தக் கையை அவருக்குத் தெரியாதா?

“மாமா,” என்றான் மெல்ல. “ஏறித்தான் ஆகணுமா?”

“ஆகணும் மாப்ளே. இது மரியாதை விஷயமாச்சே.”

“தெரியும் மாமா.” தலைப்பாகையை இறுக்கிக்கொண்டான். “உங்களுக்காகத்தான் ஏறுறேன்.”

எப்பேர்ப்பட்ட பையன்! பக்தவச்சலத்துக்குக் கண் கலங்கியது. அம்மா ஆசைப்பட்டதை வெளியே காட்டாமல் எனக்காக என்கிறானே! “பயப்படாதீங்க மாப்ளே, நான் கடிவாளத்த விடவே மாட்டேன்,” என்று காதோரம் சொல்லி, நான்கு பேர் உதவியோடு ஏற்றிவிட்டார்.

பேண்டு முழங்கியது. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஊர்வலம் அழகாகப் போனது. டெய்லர் கடைக்காரர் கும்பிட்டார். நேசமணி தம்பதி முன்வரிசையில் வந்தார்கள். பக்தவச்சலம் மார்க்கெட் வாசலைத் தாண்டும்போது தலையைக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்தினார். எல்லாம் மண்டபத்து வாசல் வரைக்கும்தான்.

வாசலில் கோவிந்தம்மாவின் உறவுப் பெண்கள், மாப்பிள்ளையை வரவேற்கக் கூடை கூடையாக மல்லிப்பூ வைத்திருந்தார்கள். மல்லிகை வாசனை பட்டால் ஃப்ளோரா ஆடும், பர்னபாஸ் அன்று கத்தியது அதைத்தான் என்று கடைசி நேரத்தில்தான் பக்தவச்சலத்துக்கு விளங்கியது. “மல்லிப்பூ வேணாம்! மல்லிப்பூ வேணா…” என்று கத்துவதற்குள் ஒரு கூடை ரோஹித்தின் தலையில் கவிழ்ந்தது.

ஃப்ளோரா ஆடியது. பேண்டுக்காரர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை, அடியைக் கூட்டினார்கள். ஃப்ளோராவும் கூட்டியது. “அம்மா!” என்று ஓர் அலறல். மாப்பிள்ளை சேணத்திலிருந்து சரிந்து, விழுகிற போக்கில் மாமனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கால் இரண்டையும் அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். பிரித்துப் பார்த்தார்கள், வரவில்லை. விடமாட்டேன் என்று கண்ணை மூடித் தலையாட்டினான்.

வேறு வழி? பக்தவச்சலம் மாப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே மண்டபத்துக்குள் நடந்தார். இரண்டு பக்கமும் நூறு போன்கள் படம் பிடித்தன. பின்னால் ஃப்ளோரா மாப்பிள்ளையின் மாலையை நிதானமாகத் தின்றுகொண்டு வந்தது. மார்க்கெட் வாசலில் சிரித்த அதே சிரிப்பு அவர் காதில் விழுந்தது. இந்தமுறை மறைத்துக்கொள்ளச் சிலேட்டும் இல்லை.

மேடை ஓரத்தில் மம்தா கண்ணீரோடு நின்றார். பல்லவி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கோவிந்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, இந்த இடமும் போச்சு.

பக்தவச்சலம் மாப்பிள்ளையைப் பத்திரமாக இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, தலைப்பாகையை நேராக்கினார். பிறகு மம்தாவின் முன்னால் கைகூப்பினார். கன்னடம் வரவில்லை. தமிழே தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

“சம்பந்தியம்மா, மன்னிச்சுடுங்க. நெசத்த சொல்லிடறேன். எனக்குக் குதிரைன்னா உசுரே போற பயம். குதிரை வந்த மறுநாளே கக்கூஸ்ல ஒளிஞ்சுக்கினவன் நான். அவமானத்துக்குப் பயந்து எல்லார் கிட்டயும் பொய் சொன்னேன். நீங்க வாய்விட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, ‘குதுரெ சாக்கு’ன்னு. அதையும் என்னால ஒழுங்கா செய்ய முடியல. தப்பு என்னுது, என் பொண்ணு மேல இத வெச்சுடாதீங்க.”

மண்டபத்தில் பேண்டு நின்றுவிட்டது. மம்தா மூக்கை உறிஞ்சி, கணவரைப் பார்த்து, நடுங்கும் மகனைப் பார்த்து, மாலை தின்னும் குதிரையைப் பார்த்து, கடைசியாகப் பக்தவச்சலத்தைப் பார்த்தார்.

“ஐயோ சம்பந்தி, நான் எப்போ குதிரை கேட்டேன்? ‘சம்பந்த குதுரித்ரெ சாக்கு’ன்னேன், சம்பந்தம் அமைஞ்சா போதும்னு. நீங்கதான் குதுரெ குதுரென்னு குதிச்சீங்க, குதிரைக்குப் பயந்து சாகுற புள்ளைய குதிரை ஏறுறது உங்க வீட்டு வழக்கமாச்சேன்னு மூணு மாசமா நாங்க பழக்கிக் கூட்டினு வந்தோம்!”